றோட்டரி எஞ்சினுக்கு எந்த ஒயில்? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 2004ஆம் ஆண்டு மஸ்டா ஆர்எக்ஸ்-8 கார் ஒன்றைக் கைமாறி வாங்கினேன். கராஜில் ரக்ரருக்கு ஊற்றும் 15டபிள்யூ-40 டீசல் ஒயிலையே ஊற்றினார்கள். 1500 கிலோமீற்றர்கூட ஓடியிருக்காது, ஒயில் அளக்கும் கோலில் ஒயில் கீழ்க்கோட்டுக்கு வந்துவிட்டது. "றிங் போயிட்டுது, எஞ்சினை இறக்கவேணும்" என்கிறார்கள். இறக்கத்தான் வேண்டுமா? இனி எந்த ஒயிலை ஊற்றுவது?
வாசகர், கிளிநொச்சி

பதில்: இப்போதைக்கு எஞ்சினை இறக்க விடாதீர்கள். அவர்கள் சொல்லும் றிங் பிஸ்ரனில் இருப்பது, உங்கள் காரில் பிஸ்ரனே இல்லை. முட்டை வடிவக் கூட்டுக்குள் முக்கோண றோட்டர்கள் இரண்டு சுழல்கின்றன. ஒவ்வொரு றோட்டரின் மூன்று முனைகளிலும் மெல்லிய சீல்கள் உண்டு. அவை கூட்டின் சுவரை உரசிக்கொண்டே ஓடுகின்றன. அந்த உரசலுக்கு ஒயில் வேண்டும் என்பதற்காகவே, எஞ்சினின் அடியில் ஒயில் நிற்கும் சம்பிலிருந்து கொஞ்சங் கொஞ்சமாக ஒயிலை எடுத்துக் கூட்டுக்குள் விடும் அளவுப் பம்பு ஒன்றை மஸ்டா பூட்டியிருக்கிறது. அப்படிப் போகும் ஒயில் பெற்றோலோடு சேர்ந்து எரிந்துவிடும். 1000 கிலோமீற்றருக்குக் கால் லீற்றர் முதல் அரை லீற்றர் வரை குறைவது இந்த எஞ்சினின் இயல்பு. ஒயில் கொஞ்சமும் குறையாமல் நின்றால்தான் பயப்பட வேண்டும். அப்படியானால் பம்போ, ஒயில் விடும் நொசிலோ வேலை செய்யவில்லை, சீல்கள் வறண்டு தேய்கின்றன என்று பொருள்.

றோட்டரின் பக்கங்களில் ஒயிலைத் தடுக்கும் வளையங்கள் இருக்கின்றன, அவையும் பழுதாவதுண்டு. ஆனால் அவை போனால் காலையில் ஸ்ராட் பண்ணும்போதும், நெடுநேரம் ஐட்லிங்கில் நின்று புறப்படும்போதும் நீலப் புகை தள்ளும். உங்கள் கடிதத்தில் புகை பற்றி ஒரு சொல்லும் இல்லை.

சூடான எஞ்சினை நிறுத்திப் பத்து நிமிடத்தில் திரும்ப ஸ்ராட் பண்ணிப் பாருங்கள். இழுத்து இழுத்துத்தான் பிடிக்கிறதென்றால் கொம்பிரஷன், அதாவது உள்ளே காற்று அழுத்தப்படும் அளவு, பார்க்க வேண்டும். சாதாரண மீற்றர் றோட்டரின் மூன்று முகங்களில் கூடியதை மட்டுமே காட்டும், மற்ற இரண்டின் பழுதை மறைத்துவிடும். றோட்டரி எஞ்சினுக்கென்றுள்ள மீற்றரால் ஒவ்வொரு றோட்டருக்கும் மூன்று எண்கள் எடுக்க வேண்டும். நிமிடத்துக்கு 250 சுற்றில் 680 கிலோபாஸ்கலுக்குக் கீழே போனால்தான் எஞ்சினை இறக்கும் பேச்சு.

இனி ஒயிலுக்கு வருவோம். மற்றக் கார்களில் ஒயில் எப்படி வழுக்குகிறது என்று பார்த்தால் போதும். இந்தக் காரில் அது எப்படி எரிகிறது என்றும் பார்க்க வேண்டும். டீசல் ஒயிலில் கரியைக் கழுவும் மருந்துகள் கூடுதலாகச் சேர்த்திருப்பார்கள், அவை எரிந்தால் சாம்பல் மிஞ்சும். அந்தச் சாம்பல் பிளக் முனையிலும் சீல் இருக்கும் காடியிலும் படிந்து, சீலை வெளியே எழும்ப விடாமல் இறுக்கிப் பிடிக்கும். ரக்ரருக்கு அது நல்ல ஒயில்தான், உங்கள் காருக்கு ஆகாது. கழித்துவிடுங்கள்.

5டபிள்யூ-30, பெற்றோல் எஞ்சினுக்கானது, ரின்னில் ஏபிஐ எஸ்என் அல்லது எஸ்பி என்று அடித்திருப்பது: அதை வாங்குங்கள். எஞ்சின் ஏற்கெனவே நிறைய ஓடியதென்றால், அல்லது சித்திரை வெயிலில் ஏ9 வீதியில் நெடுந்தூரம் ஓடுபவரென்றால் 10டபிள்யூ-40 நல்லது. முதல் எண் குளிரில் ஸ்ராட் பண்ணுவதற்கானது. வன்னியின் மார்கழிக் காலையில்கூட 10 என்பதால் ஒரு தொல்லையும் வராது. சூட்டில் காப்பாற்றுவது இரண்டாவது எண். அமெரிக்கக் கைநூலில் 5டபிள்யூ-20 என்றிருப்பதைக் காட்டிச் சிலர் வாதிடுவார்கள். இதே கார் ஐரோப்பாவில் 5டபிள்யூ-30 என்ற பரிந்துரையோடுதான் விற்கப்பட்டது. 20 நம் வெயிலுக்கு மெல்லியது. சிந்தற்றிக்கா மினரலா என்று குழம்ப வேண்டாம். 5000 கிலோமீற்றருக்கு ஒருமுறை தவறாமல் மாற்றுபவருக்கு மினரல் அல்லது செமி சிந்தற்றிக் தாராளமாகப் போதும். விலை கூடிய ஒயிலை வாங்கி 10,000 வரை இழுப்பதுதான் இந்த எஞ்சினுக்குச் செய்யும் துரோகம்.

மாற்றும் முறை: எஞ்சினைச் சூடாக்கி நிறுத்துங்கள். அடிப் பிளக்கைக் கழற்றி நன்றாக வடிய விடுங்கள். பில்டரையும் பிளக் வாஷரையும் புதிதாகப் போடுங்கள். ஒயில் கூலரிலும் குழாய்களிலும் பழைய ஒயில் கொஞ்சம் தங்கியே இருக்கும், அதனால் ரின்னில் உள்ள 4 லீற்றரையும் கவிழ்த்துவிடாதீர்கள். முதலில் 3 லீற்றர் ஊற்றி, இரண்டு நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். சமதரையில் ஐந்து நிமிடம் விட்டுக் கோலைப் பாருங்கள். மேல்கோட்டுக்குச் சற்றுக் கீழே நிற்கும்வரை சிறிது சிறிதாகச் சேருங்கள். கூடினால் ஒயில் காற்றுக் குழாய் வழியாக, எஞ்சின் காற்றை இழுக்கும் இன்ரேக்குக்குள் ஏறும். மிஞ்சும் ஒயிலோடு ரின்னை டிக்கியில் வையுங்கள். இரண்டு தடவை பெற்றோல் அடித்தால் ஒரு தடவை கோலை இழுத்துப் பார்ப்பதைப் பழக்கமாக்குங்கள். எச்சரிக்கை விளக்கு எரியும்வரை காத்திருக்காதீர்கள்.

இன்னுமொன்று. றோட்டரின் உட்புறத்தைக் குளிர்விப்பதும் இந்த ஒயில்தான். அதைக் குளிர்விக்கும் கூலர் முன் பம்பரின் மூலையில், ரயருக்கு முன்னால் தாழ்வாக இருக்கிறது. சில மாதிரிகளில் இரண்டு பக்கமும் உண்டு. கிரவல் வீதிப் புழுதியும், அறுவடைக் காலத்தில் வீதியோரம் நெல் காயும் நாள்களில் பறக்கும் பதரும் அதன் தகடுகளுக்கிடையில் அடைந்துவிடும். மாதம் ஒருமுறை சாதாரணத் தண்ணீர்க் குழாயால் பின்பக்கமிருந்து கழுவுங்கள். சேவிஸ் நிலையத்தின் அழுத்த நீரை அடித்தால் தகடுகள் மடிந்துபோகும்.

கேள்வி: பெற்றோலோடு 2ரி (ரூ-ஸ்ரோக் எஞ்சினுக்கான) ஒயில் கலந்தால் றோட்டரி எஞ்சினுக்கு நல்லதென்கிறார்கள். வீட்டில் படகு எஞ்சினுக்கு வாங்கிய ஒயில் இருக்கிறது. ஊற்றலாமா?
வாசகர், முல்லைத்தீவு

பதில்: கலக்கலாம், அளவு தப்பக்கூடாது. அளவுப் பம்பு வேலை செய்யும் காருக்கு ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 4 மில்லிலீற்றர். 40 லீற்றர் அடித்தால் 160 மில்லிலீற்றர். ஒயிலை முதலில் ஊற்றிவிட்டுப் பெற்றோல் அடித்தால் தானாகக் கலக்கும். இதற்குமேல் போனால் பிளக் கரி பிடிக்கும், சைலன்சருக்கு முன்னாலுள்ள கற்றலிற்றிக் கொன்வேற்றரும் கெடும். ரின்னில் ஜாசோ எப்டி என்றிருப்பது இதற்குச் சிறந்தது. படகு ஒயிலில் ரிசி-டபிள்யூ3 என்றிருந்தால் அதில் சாம்பல் இல்லை, அவசரத்துக்கு அதே அளவில் ஊற்றலாம். ஆனால் கடற்கரையில் மூடி திறந்து கிடந்த ரின்னென்றால் வேண்டாம், தண்ணீர் ஏறியிருக்கும். படகுக்குக் கலந்து வைத்த மண்ணெண்ணெய் ஒரு சொட்டும் தாங்கிக்குள் போகக்கூடாது. சம்பில் ஊற்றும் ஒயிலுக்கு இது மாற்றல்ல, துணை மட்டுமே.

கேள்வி: என் ஆர்எக்ஸ்-8 காரில் ஒயில் ஊற்றும் மூடியின் அடியில் வெண்ணெய் போல ஏதோ படிந்திருக்கிறது. கூலன்ட் ஒயிலுக்குள் போகிறதா?
வாசகர், மாங்குளம்

பதில்: இந்தக் காரில் ஒயில் ஊற்றும் குழாய் நீளமானது, சூடு ஏறாதது. கடைக்கும் பள்ளிக்கூடத்துக்குமென்று இரண்டு மூன்று கிலோமீற்றர் மட்டும் ஓடினால் உள்ளே வியர்க்கும் நீர் ஒயிலோடு அடித்து அப்படி ஆகும். கோலைத் துடைத்து மறுபடி இழுங்கள். அதிலுள்ள ஒயில் தெளிவாகவும், கூலன்ட் குறையாமலும் இருந்தால் மூடியைத் துணியால் துடைத்துவிட்டு, கிழமைக்கு ஒருமுறை அரை மணித்தியாலமாவது நன்றாக ஓடுங்கள். கோலிலும் பால் நிறமென்றால் கூலன்ட் ஒயிலுக்குள் போகிறது, ஸ்ராட் பண்ணாதீர்கள்.

கோலை முகர்ந்தும் பாருங்கள். பெற்றோல் மணம் தூக்கலாக இருந்தால் ஒயில் நீர்த்துவிட்டது, கிலோமீற்றர் கணக்குப் பார்க்காமல் மாற்றுங்கள். வெயிலிலிருந்து நிழலுக்கு நகர்த்தி உடனே நிறுத்துவதுதான் இதற்குப் பெரிய காரணம். குளிர்ந்த எஞ்சினுக்குள் கூடுதலாகப் பாய்ந்த பெற்றோல் சுவரிலுள்ள ஒயிலைக் கழுவிவிடும், மறுமுறை ஸ்ராட் ஆகாது. அப்படி நின்றுவிட்டால் அக்சிலரேற்றரை அடிவரை மிதித்தபடி பத்து வினாடி சுற்றுங்கள். அப்போது பெற்றோல் பாய்வது நிற்கும், உள்ளே தேங்கியது வெளியேறும்.

கேள்வி: காருக்கு வாங்கிய 5டபிள்யூ-30 ஒரு லீற்றர் மிச்சம். மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றலாமா?
வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: கூடாது. மோட்டார் சைக்கிளில் கிளச் தட்டுகளும் அதே ஒயிலுக்குள்தான் ஊறுகின்றன. உராய்வைக் குறைக்கும் கார் ஒயில் பட்டால் கிளச் வழுக்கும்: எஞ்சின் உறுமும், வண்டி ஏறாது. ரின்னில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்றிருப்பதையே கேட்டு வாங்குங்கள்.