கடையில் 180, வீட்டில் 'மிஸ், கேட்கல': எந்த சிம்முக்கு மாறலாம்?

கேள்வி: ராசிபுரத்தில் வாடகை வீட்டில் இருக்கிறோம். மாலை 6.30 முதல் 9 வரை ஜூமில் கணக்கு ட்யூஷன் எடுக்கிறேன். போனில் ஹாட்ஸ்பாட் போட்டு லேப்டாப்பில் நடத்துகிறேன். போனில் 5ஜி என்றும் சிக்னல் முழுசாகவும் காட்டுகிறது. பிள்ளைகளோ 'மிஸ், குரல் விட்டுவிட்டு வருது' என்கிறார்கள். பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் வேறு கம்பெனி சிம்மில் ஸ்பீடு டெஸ்ட் செய்து காட்டினார்கள், 180 மெகாபிட் வேகம் வந்தது. போர்ட் செய்யச் சொல்கிறார்கள், அதாவது நம்பரை மாற்றாமல் அந்தக் கம்பெனிக்கு மாறுவது. இல்லாவிட்டால் 4,500 ரூபாய்க்கு சிக்னலைக் கூட்டும் பூஸ்டர் கருவி மாட்டலாமாம். எங்கள் தெருவுக்கு ஃபைபர் வரவில்லை. எது நல்ல நெட்வொர்க்?

பதில்: பூஸ்டர் பேச்சை இன்றோடு விட்டுவிடுங்கள், காரணத்தைப் பிறகு சொல்கிறேன். போர்ட்டும் இந்த வாரம் வேண்டாம். எது நல்ல நெட்வொர்க் என்று பொதுவாகக் கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. உங்கள் வீட்டு ஹாலில் இரவு எட்டு மணிக்கு எது நல்லது என்று கேட்டால் பதில் உண்டு. அதையும் நீங்களேதான் கண்டுபிடிக்க வேண்டும், ஒரு வாரம் போதும்.

கடைக்காரர் காட்டிய 180 பொய்யாக இருக்க வேண்டியதில்லை. பக்கத்தில் டவர், கூட்டமில்லாத நேரம் என்றால் யாருக்கும் வரும். ஆனால் அது டவுன்லோடு வேகம். பிள்ளைகளுக்குக் கேட்காமல் போவது உங்கள் குரல், அது போகிற வழி அப்லோடு. டவர் பல வாட் சக்தியில் பேசுகிறது. உங்கள் போன் பொதுவாக 0.2 வாட்டுக்கு மேல் போகாது. டவர் சொல்வது உங்களுக்கு நன்றாகக் கேட்கும், நீங்கள் சொல்வது டவருக்குப் பாதிதான் போய்ச்சேரும். திரையில் தெரியும் கோடுகள் இதில் முதல் பாதியை மட்டுமே காட்டுகின்றன. அதிலும், எவ்வளவு சிக்னலுக்கு எத்தனை கோடு என்று முடிவு செய்வது போனைத் தயாரித்தவர். கோட்டை நம்பாமல் செட்டிங்ஸில் 'அபவுட் போன்' போய் 'சிம் ஸ்டேட்டஸ்' பாருங்கள். மைனஸில் ஒரு எண் இருக்கும். மைனஸ் 85 பக்கம் என்றால் நிம்மதி. மைனஸ் 110ஐத் தொட்டால் குரல் உடைவதில் ஆச்சரியமில்லை. 90க்கும் 110க்கும் இடையே சிக்னல் நூறு மடங்கு குறைகிறது, 20 எண்தானே என்று நினைக்காதீர்கள்.

நெட்வொர்க்கைத் திட்டுவதற்கு முன் ஒன்றைச் சரிபாருங்கள். இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப்போகிறேன், ஏனென்றால் பாதிப் பேர் இதிலேயே மாட்டுகிறார்கள். உங்கள் குரல் 6.30க்கே உடைகிறதா, எட்டு மணிக்கு மேல் உடைகிறதா? எட்டுக்கு மேல் என்றால் உங்கள் திட்டத்தைப் பாருங்கள். 'அன்லிமிடெட் 5ஜி' என்று எழுதியிருக்கும், தினம் 2 ஜிபி என்றும் எழுதியிருக்கும். 5ஜியில் இருக்கும்வரைதான் அன்லிமிடெட். ஊருக்குள் 5ஜி பெரும்பாலும் 3.5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வருகிறது, அது கான்கிரீட் சுவரைத் தாண்டத் திணறும். வாசலில் 5ஜி காட்டும் போன் ஹாலுக்குள் வந்ததும் சத்தமில்லாமல் 4ஜிக்கு இறங்கிவிடும். அங்கே செலவாவதெல்லாம் அந்த 2 ஜிபியிலிருந்து. வீடியோவோடு ஜூம் வகுப்பு மணிக்கு ஏறக்குறைய ஒரு ஜிபி தின்னும். ஆக எட்டரைக்குள் 2 ஜிபி காலி. அதற்குப் பிறகு பெரும்பாலான திட்டங்களில் வேகம் 64 கிலோபிட். ஜூமில் வெறும் குரலுக்கே 60 முதல் 80 கிலோபிட் வேண்டும். 'மிஸ், கேட்கல' தொடங்கும். என்ன ஆயிற்று என்று வாசலுக்கு வந்து ஸ்பீடு டெஸ்ட் போட்டால் போன் மறுபடி 5ஜியைப் பிடித்து 200 காட்டும். உள்ளே வந்தால் பழைய கதை. இது உங்கள் கதையானால் எந்தக் கம்பெனிக்குப் போனாலும் கூடவே வரும். ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் ஆப்பில் மிச்ச டேட்டாவைப் பாருங்கள், தெரிந்துவிடும்.

டேட்டா மிச்சம் இருந்தும் குரல் உடைந்தால், காசில்லாத வைத்தியம் ஒன்று உண்டு. லேப்டாப் மேசையில் இருக்கட்டும், போனை ஜன்னல் விளிம்பில் வையுங்கள். ஹாட்ஸ்பாட் ஒரு சுவரைத் தாண்டி வந்துவிடும். சுவரில் திணறுவது டவருக்கும் போனுக்கும் இடையிலான பேச்சுதான்.

அதற்கும் சரியாகவில்லையென்றால் ஒப்பிடும் வேலை. போனில் இரண்டாவது சிம் இடம் காலியாக இருந்தால் கடைக்காரர் சொல்லும் கம்பெனியின் புது ப்ரீபெய்டு சிம் ஒன்று, குறைந்த நாள் திட்டத்தோடு வாங்குங்கள். சின்னத் திட்டத்தில் அன்லிமிடெட் 5ஜி இல்லாமல் போகலாம், அதனால் இரண்டையும் 4ஜியில் வைத்தே ஒப்பிடுங்கள். ஒரு நாள் இந்த சிம், மறுநாள் அந்த சிம், அதே ஜன்னல், அதே மணி. ஸ்பீடு டெஸ்ட் மேல் ஸ்பீடு டெஸ்ட் போடாதீர்கள்: 180 வேகத்தில் 15 விநாடி ஓடினாலே 300 எம்பிக்கு மேல் போய்விடும். போடுவதானால் சர்வரை மாற்றிப் போடுங்கள். ஆப் தானாகத் தேர்ந்தெடுப்பது பல நேரம் அந்தக் கம்பெனியே வைத்திருக்கும் பக்கத்து சர்வர், அதில் நல்ல எண் வராமல் என்ன செய்யும். ஸ்பீடு டெஸ்ட்டைவிட நல்ல சாட்சி ஜூமே. வகுப்பு நடக்கும்போது லேப்டாப் ஜூமில் செட்டிங்ஸ், அதில் 'ஸ்டாட்டிஸ்டிக்ஸ்', அதில் ஆடியோ. 'பாக்கெட் லாஸ்' (வழியில் தொலையும் டேட்டா) 2 சதவீதத்துக்குள், 'ஜிட்டர்' (டேட்டா வந்துசேரும் நேரத்தில் ஏற்ற இறக்கம்) 40 மில்லிவிநாடிக்குள் இருக்கிறதா என்று 7, 8, 8.45 மணிக்கு நோட்டில் குறியுங்கள். எந்த சிம்மில் இவை அடங்கியிருக்கின்றனவோ அதுதான் உங்களுக்கு நல்ல நெட்வொர்க், அதன் டவுன்லோடு வெறும் 12 மெகாபிட்டாக இருந்தாலும். வகுப்புக்கு 4 மெகாபிட் தாராளம்.

இவ்வளவையும் ஒரு டீச்சர் தலையில் கட்டுகிறேனே என்று எனக்கே எரிச்சல்தான். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் நெட்வொர்க் தரம் பற்றி அறிக்கை போடுகிறது, ஆனால் அதில் சென்னை உட்பட மொத்தத் தமிழ்நாடும் ஒரே தொலைத்தொடர்பு வட்டம். அந்தச் சராசரியில் உங்கள் தெரு எங்கே இருக்கிறது? நேரடிச் சோதனையும் உண்டு, காரில் மெஷினை வைத்துச் சாலையில் போவார்கள். உங்கள் சுவருக்குள் யாரும் வருவதில்லை. 2024இல் வந்த தர விதிகளின்படி கம்பெனிகள் கவரேஜ் வரைபடம் வெளியிட வேண்டும், வெளியிடுகிறார்கள், ஊர் முழுக்க வண்ணம் பூசி. இதில் 'பிராட்பேண்டு' என்று சொல்லிக்கொள்ள 2 மெகாபிட் இருந்தாலே போதும் என்பது 2023 முதல் அரசு வைத்திருக்கும் வரையறை. தனி ஆள் புகாரை ட்ராய் எடுப்பதில்லை. கம்பெனியின் புகார் எண்ணான 198க்குப் பேசினால் போனை அணைத்துப் போடச் சொல்வார்கள். பரவாயில்லை, பேசி டாக்கெட் எண்ணை (புகார் பதிவு எண்) வாங்கி அதே நோட்டில் எழுதுங்கள், மேல்முறையீட்டுக்கு அது வேண்டும். நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் சொல்லிவிட்டது.

இனி பூஸ்டர். உரிமம் பெற்ற தொலைத்தொடர்பு நிறுவனம் தவிர வேறு யாரும் அதை வைத்திருப்பதும் விற்பதும் பயன்படுத்துவதும் சட்டவிரோதம். தொலைத்தொடர்புத் துறை 2022 ஜனவரியில் இதைத் திரும்பவும் எழுதியே வைத்தது. மலிவு பூஸ்டர் டவருக்குள் இரைச்சலைக் கொட்டி அக்கம்பக்கத்து வீடுகளின் சிக்னலையும் கெடுக்கும். கம்பெனி ஆட்கள் கருவியோடு தேடி வந்தால் மாட்டிக்கொள்வது நீங்கள், விற்றவர் கடை மாற்றியிருப்பார்.

கடைசியில் போர்ட்தான் என்று முடிவானால், மாறிய பின் 90 நாள் அங்கேயே கிடக்க வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். போர்ட் ஒவ்வொன்றுக்கும் கடைக்கு கமிஷன் உண்டு, அந்த அவசரம் அவர்களுடையது. போர்ட்டுக்காக 1900க்கு எஸ்எம்எஸ் அனுப்பி வாங்கும் எட்டு எழுத்துக் குறியீட்டை நீங்களே கேட்டு வாங்குங்கள், போனை அவர் கையில் கொடுக்காதீர்கள். குறியீடு நான்கு நாள் செல்லும். குடை போட்ட ஸ்டால் வேண்டாம், கம்பெனியின் சொந்த ஷோரூமுக்குப் போங்கள்.

கைரேகை வைக்கும்போது 'விழலை மேடம், இன்னொரு தடவை' என்றால் கையை எடுத்துவிட்டுத் திரையைக் காட்டச் சொல்லுங்கள். இரண்டாவது ரேகையில் உங்கள் பெயரில் இன்னொரு சிம் எழுந்து எவன் கைக்கோ போகும். அது மோசடிக்குப் போனால் போலீஸ் முதலில் தேடுவது உங்கள் முகவரியை. புது சிம் வேலை செய்யத் தொடங்கியதும் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் உங்கள் எண்ணைப் போட்டு ஓடிபி கொடுங்கள். உங்கள் பெயரில் உள்ள எண்களெல்லாம் வரும். தெரியாத எண் இருந்தால் 'இது என் எண் இல்லை' என்று அங்கேயே புகார் கொடுக்கலாம். ட்யூஷனுக்காக முன்பு வாங்கி மறந்த சிம் ஏதாவது இருந்தால் அதையும் அப்போதே நீக்கச் சொல்லுங்கள்.