கப்பலில் அப்பாவுக்கு மூஸ் கொடுக்கலாமா?

கேள்வி: அப்பா (74), அம்மா (69), நான், கணவர் என நால்வரும் சிங்கப்பூரிலிருந்து துபாய்க்கு 14 இரவு சொகுசுக் கப்பலில் போகிறோம். வழியில் பினாங்கு, கொழும்பு, கொச்சி, மும்பை. பெற்றோர் இருவரும் சைவம். அப்பா முட்டை தொட மாட்டார், ஆனால் கேக் சாப்பிடுவார். அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, இனிப்பு என்றால் உயிர். கப்பலில் நம் சைவம் கிடைக்காது என்று முகவர் சொல்கிறார். ஆளுக்கு 280 வெள்ளியில் 'இந்திய சைவ உணவுப் பேக்கேஜ்' எடுக்க வேண்டுமாம், அதுவும் நால்வருக்கும் சேர்த்து. கட்டலாமா? அங்குள்ள இனிப்புகளில் எதை நம்பிச் சாப்பிடலாம்? (வாசகி, உட்லண்ட்ஸ்)

பதில்: கட்டாதீர்கள்.

1,120 வெள்ளி! நீங்களும் உங்கள் கணவரும் சைவம் என்றுகூடக் கடிதத்தில் இல்லை, உங்களிடமும் வசூல். நான் 11 ஆண்டு கப்பல்களில் இனிப்புப் பிரிவில் மாவு பிசைந்தவன். கப்பல் சமையல்கூடத்துக்கு ஆங்கிலத்தில் 'கேலி' என்றுதான் பெயர். இந்த மாதிரிக் கடிதங்களைப் படிக்கும்போது அந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம் என்று தோன்றும்.

நீங்கள் கட்டிய பயணக் கட்டணத்திலேயே பெரிய உணவுக்கூடம், பஃபே, மாலைத் தேநீர், சாதாரண ஐஸ்கிரீம் எல்லாம் அடங்கிவிடும். சைவம் கேட்டால் அதற்குத் தனிக் காசு கிடையாது. கப்பல் நிறுவனங்களே விற்கிற 'டைனிங் பேக்கேஜ்' ஒன்று உண்டுதான். அது ஸ்டேக், சுஷி, இத்தாலிய உணவு என்று தனிக் கட்டணம் வாங்கும் சிறப்பு உணவகங்களுக்கானது. உங்கள் முகவர் அதையே பெயர் மாற்றி உங்கள் தலையில் கட்டுகிறாரா, காற்றையே விற்கிறாரா என்று எனக்குத் தெரியாது. இரண்டிலும் நஷ்டம் உங்களுக்குத்தான். ஸ்டேக் கடையில் உங்கள் அப்பாவுக்கு என்ன கிடைக்கும்? காளானும் உருளைக்கிழங்கும். அதற்கு ஆளுக்கு 280 வெள்ளியா?

முகவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள். "இந்தப் பேக்கேஜ் கப்பலில் எந்த உணவகத்தில் செல்லும்? அந்தப் பெயரை ரசீதில் எழுதிக் கொடுங்கள்." எழுதித் தர மாட்டார். அப்படியே அவருடைய உரிம எண்ணையும் கேட்டு, சிங்கப்பூர்ப் பயணத்துறைக் கழகத்தின் இணையத்தளத்தில் சரிபாருங்கள். ஏற்கெனவே காசு கைமாறியிருந்தால் பயனீட்டாளர் சங்கம் இருக்கிறது. அதற்கும் மசியாவிட்டால் சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரை அங்கே போகலாம், வக்கீல் தேவையில்லை.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். சைவம் கிடைக்கும், ஆனால் தானாக வராது. முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். பெரும்பாலான நிறுவனங்கள் புறப்படுவதற்கு 45 நாளோ 90 நாளோ முன்னால் கேட்கும். இதில் முகவரை நம்பி இருந்துவிடாதீர்கள். அவர் படிவத்தில் ஒரு கட்டத்தில் டிக் அடிப்பார், அது நிறுவனத்தின் வட்டார அலுவலகத்துக்குப் போகும், அங்கிருந்து கப்பலுக்கு. மூன்று கை மாறுவதற்குள் 'இந்தியச் சைவம், ஜெலட்டின் ஆகாது' என்பது வெறும் 'வெஜிடேரியன்' ஆகிவிடும். வெறும் வெஜிடேரியன் என்றால் வெள்ளைக்காரச் சமையல்காரர் வேகவைத்த காய்கறியும் ஆம்லெட்டும் அனுப்புவார், அவர் மேல் தப்பில்லை. ஆயிரம் கோடியில் கப்பல் கட்டுகிறார்கள், படிவத்தில் இன்னும் இரண்டு வரி எழுத இடம் விடத் தெரியவில்லை. உங்கள் முன்பதிவு எண்ணை வைத்து நீங்களே நிறுவனத்தின் சிறப்புத் தேவைகள் பிரிவுக்கு மின்னஞ்சல் போடுங்கள். பதில் வந்ததும் அச்செடுத்துக் கைப்பையில் வையுங்கள்.

இதைவிட மோசமான பொறி இன்னொன்று. விமானத்தில் 'ஹிண்டு மீல்' என்று ஒரு வகை உண்டு. பெயரைப் பார்த்து ஏமாந்து முகவர்கள் அதைத்தான் போடுவார்கள். அதில் மாட்டிறைச்சிதான் இருக்காது. கோழி, ஆடு, மீன் தாராளமாக வரும். நம் சைவத்துக்கு விமானத்தில் 'ஏவிஎம்எல்' என்று வேறு குறியீடு. துபாயிலிருந்து திரும்பும் விமானத்துக்கு அதைப் போட்டாரா என்று பாருங்கள். கப்பலில் இந்தக் குறியீடுகளுக்கு வேலையில்லை. ஆனாலும் சில முகவர்கள் பழக்கதோஷத்தில் கப்பல் படிவத்திலும் 'ஹிண்டு' என்று எழுதிவிடுகிறார்கள். அப்புறம் முதல் இரவே அப்பா தட்டில் சிக்கன் டிக்கா.

மரினா பேயில் கப்பல் ஏறியதும் எல்லாரும் பஃபேக்கு ஓடுவார்கள். நீங்கள் பெரிய உணவுக்கூடத்துக்குப் போங்கள். முதல் நாள் மதியம் மேசை மாற்றுவதற்கும் உணவுத் தேவைகளைக் கேட்பதற்கும் அங்கே ஒரு பொறுப்பாளர் உட்கார்ந்திருப்பார். அச்செடுத்த மின்னஞ்சலைக் காட்டி, உங்கள் மேசையின் தலைமைப் பணியாளர் யார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவர்தான் அடுத்த 14 நாளைக்கு உங்களுக்குக் கடவுள். இரவுச் சாப்பாடு முடியும்போது மறுநாள் மெனுவை அவர் கொண்டுவந்து காட்டுவார், காட்டாவிட்டால் கேளுங்கள். அப்பாவுக்கு எது வேண்டும், எதில் என்ன போடக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டால் சமையல்கூடம் தனியாகச் செய்து வைக்கும். அதை விட்டுவிட்டு மேசையில் உட்கார்ந்த பிறகு கேட்டால், இரண்டாயிரம் தட்டு போய்க்கொண்டிருக்கும் நேரத்தில் பரிமாறுகிற பையன் என்ன செய்வான்?

இனி இனிப்பு. நீங்கள் முட்டையைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள். எனக்குப் பெரிய கவலை ஜெலட்டின். பன்றி அல்லது மாட்டின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது அது. மூஸ், பன்னா கோட்டா போன்ற கிரீம் இனிப்புகள், மார்ஷ்மெல்லோ, ஜெல்லி, கண்ணாடி போல் பளபளக்கும் பழக் கேக்கின் மேல்பூச்சு, எல்லாவற்றிலும் இருக்கும். பஃபேயில் சின்னக் கண்ணாடிக் குவளைகளில் வரிசையாக நிற்குமே, அந்த அழகில் பாதி ஜெலட்டின்தான். நல்ல சாக்லேட் மூஸுக்கு அது தேவையே இல்லை, சாக்லேட்டே கெட்டிப்படும். ஆனால் கப்பலில் நாங்கள் காலையில் செய்துவைப்பதை ராத்திரிதான் பரிமாறுவார்கள். நடுவில் என்ஜின் அதிர்வு, அலை, தள்ளுவண்டி. இடிந்து விழாமல் நிற்க ஒரு பிடி ஜெலட்டின் போட்டுவிடுவோம். மெனுவில் அது வராது.

வாயில் வைத்தால் ஓரளவு கண்டுபிடிக்கலாம். ஜெலட்டின் 35 டிகிரியிலேயே உருகும், அதனால் நாக்கில் பட்டதும் கரைந்து வழுக்கும். நம் ஊர் அகர் அகர் உருகுவதற்கு 85 டிகிரி வேண்டும். அது கரையாது, பல்லில் படக்கென்று உடையும். ஹரி ராயாவுக்கு அண்டை வீட்டிலிருந்து வருகிற அகர் அகர் துண்டைக் கடித்துப் பழகிய யாருக்கும் அந்த வித்தியாசம் தெரியும். ஆனால் வாயில் போட்ட பிறகு தெரிந்து என்ன பயன்? பணியாளரிடம் "இது வெஜிடேரியனா?" என்று கேட்காதீர்கள். ஆம் என்றுதான் சொல்வார், இறைச்சித் துண்டு இல்லையே. "இதில் ஜெலட்டின் உண்டா?" என்று கேளுங்கள். உள்ளே போய்க் கேட்டுவிட்டு வருவார்.

இப்போது அப்பாவின் முட்டை. முட்டை தொட மாட்டார், கேக் சாப்பிடுவார். நம் வீடுகளில் பாதி அப்பாக்கள் இந்தக் கட்சிதான், என் அப்பாவும் அப்படியே. கப்பலில் இது பெரிய சிக்கலாகும். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். படிவத்தில் 'முட்டை ஆகாது' என்று எழுதினீர்களானால் சமையல்கூடம் அதை ஒவ்வாமை மாதிரி எடுத்துக்கொள்ளும். அவர்களுக்கு இடைப்பட்ட நிலை கிடையாது. 14 நாளும் அப்பாவுக்குக் கேக் வராது, ஸ்கோன் வராது, பழத்தட்டும் சோர்பேயும்தான். சுற்றி எல்லாரும் பிளாக் ஃபாரஸ்ட் வெட்டும்போது அவர் தர்ப்பூசணியைக் குத்திக்கொண்டிருப்பார். எழுதாமல் விட்டாலோ, காலையில் தட்டில் ஆம்லெட். ஆகவே இப்படி எழுதுங்கள்: 'பால் உண்டு, முட்டை உணவு வேண்டாம், கேக்கில் கலந்த முட்டை பரவாயில்லை, ஜெலட்டினும் இறைச்சிச் சாறும் ஆகாது.' தலைமைப் பணியாளரிடமும் இதே வாக்கியத்தை வாயால் சொல்லுங்கள்.

ஆனால் எது 'கேக்கில் கலந்த முட்டை'? மாவோடு கலந்து வெந்துபோனதில் அப்பாவுக்குச் சங்கடம் இருக்காது: ஸ்பாஞ்ச், பிரவுனி, ஸ்கோன், ஆப்பிள் பை. முட்டையே பண்டமாக நிற்பவை வேறு. கேரமல் கஸ்டர்ட், கிரெம் புரூலே, சூஃப்லே, மெரிங் எல்லாம் அந்த வகை. விருந்து இரவில் பணியாளர்கள் ஊர்வலமாகத் தூக்கி வருகிற பேக்ட் அலாஸ்காவின் வெளியில் இருக்கும் வெள்ளை நுரை முழுக்க முட்டை வெள்ளைக்கரு. அதை அப்பாவிடம் சொல்லிவிட்டு அவரே முடிவெடுக்கட்டும். சீஸ் கேக் இரண்டுங்கெட்டான். சுட்டதில் முட்டை இருக்கும், ஜெலட்டின் இருக்காது. சுடாததில் முட்டை இருக்காது, ஜெலட்டின் இருக்கும்! மேல்பக்கம் லேசாகப் பழுப்பேறி, வெட்டிய இடம் உதிரியாக இருந்தால் சுட்டது, அப்பா சாப்பிடலாம். வெள்ளை வெளேரென்று, கத்தி வழுக்கிய மாதிரி பளபளத்தால் கிட்டப் போகாதீர்கள். அப்புறம் திரமிசுவில் மதுவும் சேரும், பிளாக் ஃபாரஸ்ட்டிலும் சேரலாம். கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்குத் தோதான நேரம் மாலைத் தேநீர்தான். பினாங்கு விட்டால் கொழும்பு வரை கடலைத் தவிர வேறு இல்லை, அந்த நாட்களில் இனிப்புப் பிரிவு வேலை பிய்த்துக்கொண்டு போகும். சூடான ஸ்கோன், வெண்ணெய் பிஸ்கட் எல்லாம் அப்போதுதான் வரும். பெர்ரிப் பழங்களை முதல் இரண்டு நாளிலேயே சாப்பிட்டுவிடுங்கள். துறைமுகம் வரும்வரை புதுச் சரக்கு ஏறாது, பிறகு முலாம்பழமும் அன்னாசியும்தான்.

அம்மாவுக்கு 'சர்க்கரை சேர்க்காத' இனிப்பு தினமும் ஒன்று மெனுவில் இருக்கும். அந்தப் பெயரைப் பார்த்து இரண்டு மூன்று வாங்கிவிடாதீர்கள். மாவு அப்படியேதான் இருக்கிறது, அதுவும் ரத்தச் சர்க்கரையை ஏற்றும். இனிப்புக்காகப் போடுகிற மால்டிடால் அதிகமானால் வயிற்றைப் போக்கிவிடும். வீட்டில் என்றால் பரவாயில்லை. கப்பலில் வயிற்றுப்போக்கு என்று மருத்துவரிடம் போனால் மற்றவர்களுக்கு வேகமாகத் தொற்றும் நோரோ கிருமியோ என்று சந்தேகப்பட்டு ஒன்றிரண்டு நாள் அறையிலேயே இருக்கச் சொல்லிவிடுவார்கள். அதற்கு, அப்பாவின் தட்டிலிருந்து உண்மையான கேக்கில் இரண்டு கரண்டி எடுத்துச் சாப்பிடுவது மேல். சோர்பே லேசாகத் தெரியும், ஆனால் அது சர்க்கரைத் தண்ணீரை உறையவைத்தது.

யாரும் சொல்லாத ஒன்று கடிகாரம். மேற்கே போகப் போகக் கப்பல் நேரத்தைப் பின்னால் தள்ளிக்கொண்டே போவார்கள். கொழும்பு வரும்போது இரண்டரை மணி, துபாயில் நான்கு மணி. கொழும்பில் மாலை 6 மணிப் பந்தி என்பது அம்மாவின் உடம்புக்கு இரவு 8.30. இரவு 8.30 பந்தியைத் தேர்ந்தெடுத்திருந்தால் அது 11 மணி! ஆகவே முன்பதிவு செய்யும்போதே முதல் பந்தி கேளுங்கள். மாத்திரையோ இன்சுலினோ, எந்த நேரப்படி எடுப்பது என்று புறப்படும் முன்பே பலதுறை மருந்தக மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். மருந்து பெரிய பெட்டிக்குள் போகக் கூடாது. முனையத்தில் கொடுக்கும் பெட்டி அறைக்கு வந்து சேரச் சாயங்காலம் ஆகிவிடும்.

கடைசியாக, இட்லிப் பொடி, ஊறுகாய், முறுக்கு எல்லாம் கடையில் சீல் வைத்த பாக்கெட்டாக இருந்தால் பெரும்பாலும் விடுவார்கள். வீட்டுப் புளியோதரை பிடிபடும். எதற்கும் இருக்கட்டும் என்று அம்மா சின்ன ரைஸ் குக்கரைத் துணிக்கு நடுவில் சுருட்டி வைப்பார், பெட்டி பூட்டும் முன் பார்த்து எடுத்துவிடுங்கள். சூடேற்றும் சாதனம் என்று முனையத்திலேயே பிடுங்கிவைத்து, இறங்கும்போதுதான் கொடுப்பார்கள். உங்களுடையது ஒருவழிப் பயணம். அந்தக் குக்கர் துபாயில்தான் கைக்கு வரும்.