கணவர் எழுதிய புரோநோட்டுக்கு மனைவி பொறுப்பா?

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் பக்கம் கிராமம், கிறிஸ்தவக் குடும்பம். ரப்பர் ஷீட் வியாபாரம் செய்த என் கணவர் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். இரண்டு பிள்ளைகள். புரோநோட்டு எழுதி இருவரிடம் 4 லட்சம் வாங்கியிருக்கிறார்; வங்கியில் தனிநபர் கடனும் உண்டு. அவர் பெயரில் 8 சென்ட் நிலமும் வீடும் இருக்கின்றன. என் பெயரில் அப்பா தந்த 5 சென்ட். "நோட்டை உங்க பேருக்கு மாத்தி எழுதிக் குடுங்க, வட்டியைக் குறைக்கிறேன்" என்கிறார் ஒருவர். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். இன்றைக்கு அந்தக் கடன் உங்கள் கணவரின் சொத்தோடு நிற்கிறது. புது நோட்டில் கையெழுத்துப் போட்டால் அது உங்கள் கடன். இறந்தவரின் வாரிசு தன் பெயரில் புரோநோட்டோ காசோலையோ கையெழுத்திட்டால், 'கிடைத்த சொத்தளவுக்கு மட்டும்' என்று அதிலேயே எழுதாதவரை, சொந்தப் பொறுப்பாகும் என்கிறது மாற்றுமுறை ஆவணச் சட்டம் 29-ஆம் பிரிவு. வட்டிக் குறைப்புக்குப் பின்னால் இருப்பது இதுதான்.

பழைய நோட்டின் பின்பக்கம் 'வரவு ரூ.1,000' என்று எழுதிக் கையெழுத்து கேட்பார்கள். அதையும் தவிருங்கள். நோட்டை வைத்து வழக்குப் போட 3 ஆண்டுதான் காலவரம்பு. அதற்குள் இப்படி ஒரு வரவு விழுந்தால் அன்றிலிருந்து மறுபடி 3 ஆண்டு ஓடும். முதல் வேலையாக இரண்டு நோட்டையும் முன்னும் பின்னும் நகலெடுத்துத் தரச் சொல்லுங்கள். தேதியையும், கையெழுத்து அவருடையதுதானா என்பதையும் பாருங்கள்.

உரிமையியல் விசாரணை முறைச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, கடன் கொடுத்தவர் வழக்குப் போட்டு ஜெயித்தாலும் கணவர் விட்டுச் சென்ற சொத்தில்தான் வசூலிக்க முடியும். உங்கள் 5 சென்டும் நகையும் தப்பும். 8 சென்ட் வீடு தப்பாது, அதை மறைத்துப் பயனில்லை. வாரிசுரிமைப்படி உங்களுக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மீதி இரண்டு பங்கு. ஆனால் கடன் போகத்தான் பங்கு. 'பிள்ளைகள் பேரில் எழுதி வச்சிரு' என்று சொந்தக்காரர்கள் யோசனை சொல்வார்கள். கடன் கொடுத்தவரை ஏய்க்க எழுதிய பத்திரத்தைச் சொத்து மாற்றச் சட்டம் 53-ஆம் பிரிவின் கீழ் நீதிமன்றம் செல்லாததாக்கிவிடும்.

அந்த 8 சென்ட் வீட்டை நீங்களே விற்றால் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அடக்கச் செலவும் கடைசி நோயின் மருத்துவச் செலவும் மற்றக் கடன்களுக்கு முந்தியவை, ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள். பணம் எங்கே போனது என்று காட்ட முடியாவிட்டால், அந்தத் தொகைக்கு உங்கள் சொந்தச் சொத்தின் மேலும் வருவார்கள்.

வங்கிக் கடனில் இரண்டைப் பாருங்கள். இணைக் கடனாளியாகவோ ஜாமீனாகவோ நீங்கள் கையெழுத்திட்டிருந்தால் மேலே சொன்ன பாதுகாப்பு அந்தக் கடனுக்கு இல்லை. கடன் தரும்போது காப்பீட்டு பிரீமியம் பிடித்திருக்கிறார்களா என்று கணக்கு விவரத்தில் தேடுங்கள். பிடித்திருந்தால் இறப்புச் சான்றிதழோடு உடனே உரிமை கோருங்கள். வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி.

சம்மன் வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். திருப்பி அனுப்பினால் ஒருதலைப்பட்சத் தீர்ப்புதான் மிஞ்சும். 30 நாளுக்குள் எதிருரை (வழக்குக்கு உங்கள் எழுத்துப் பதில்) போட்டு, 'பொறுப்பு இறந்தவரின் சொத்தளவில் மட்டும்' என்று தீர்ப்பில் எழுதக் கேளுங்கள். வக்கீல் கட்டணம் கவலை என்றால் நாகர்கோவிலில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்ப்பதில்லை.