குழாயை லேசாகத் திறந்தால் கண்ணாடிக் கம்பி மாதிரி விழும் தண்ணீர், முழுக்கத் திறந்ததும் ஏன் கொந்தளிக்கிறது?
அடிப்படையில் இது ஒரு இழுபறி. நீரின் பாகுநிலை (ஓட்டத்தைத் தடுக்கும் உள் உராய்வு) சின்னச் சின்னக் குலுக்கல்களை அமுக்கப் பார்க்கும், ஓட்டத்தின் வேகம் அவற்றை வளர்க்கப் பார்க்கும். 1883-இல் பிரிட்டிஷ் பொறியாளர் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் கண்ணாடிக் குழாயில் ஓடும் நீருக்குள் ஒரு சாய இழையை விட்டுப் பார்த்தார்; மெதுவாக ஓடியபோது நேர்கோடாகவே போன இழை, வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனபோது திடீரென்று சிதறி, குழாய் முழுக்க நிறமாகிவிட்டது.

சரி, எப்போது சிதறும்? வேகத்தைக் குழாயின் விட்டத்தால் பெருக்கி, இயக்கப் பாகுநிலையால் (அதாவது, பாகுநிலையை அடர்த்தியால் வகுத்தால் வரும் அளவால்) வகுத்தால் கிடைப்பது ரெனால்ட்ஸ் எண். அது சுமார் 2,000-ஐத் தாண்டினால் கொந்தளிப்பை எதிர்பார்க்கலாம். 1 செ.மீ. குழாயில் நொடிக்கு 20 செ.மீ. வேகமே அதற்குப் போதும்! ஆனால் இது கறாரான எல்லை இல்லை, அதிர்வே இல்லாமல் வழவழப்பான குழாயில் கவனமாகச் செலுத்தினால் பல்லாயிரம் வரைகூட ஓட்டம் சீராகவே இருக்கும், எனக்கு இதில் மிகவும் பிடித்ததே அதுதான்.