அறுபது சொற்களும் ஆசியக் கண்டமும்

கேள்வி: படிவம் மூன்றில் படிக்கும் என் மகள், ஆசியக் கண்டம் பற்றிய புவியியல் கலைச்சொற்கள் அறுபதை மலாய் மொழியில் மனனம் செய்கிறாள். மறுநாள் காலையில் பாதி மறந்துவிடுகிறது. நான் தமிழ்ப்பள்ளியில் படித்தவள். தமிழில் விளக்கினால் குழம்பிவிடுவாளோ என்று அஞ்சுகிறேன். என்ன செய்யலாம்?
– ஒரு தாய், பட்டர்வொர்த்

பதில்: அன்புச் சகோதரிக்கு வணக்கம். தயங்காமல் தமிழிலேயே சொல்லிக் கொடுங்கள். தேர்வில் அவள் மலாய்ச் சொல்லைத்தான் எழுத வேண்டும் என்பதால், குறிப்பேட்டில் இரண்டையும் அருகருகே எழுதச் செய்யுங்கள். பொருள் புரிந்த பிறகு மலாய்ச் சொல் மனத்தில் நிற்பது எளிது.

நம் சொற்கள் பலவற்றுக்குள்ளேயே விளக்கம் இருக்கிறது. தீபகற்பம் என்னும் வடசொல்லுக்குத் தீவைப் போன்றது என்பது பொருள்; மூன்று பக்கம் கடல் சூழ்ந்து, ஒரு பக்கம் மட்டும் நிலத்தோடு ஒட்டியிருக்கும் நம் தீபகற்ப மலேசியாவே அதற்குச் சான்று. பீடம் போல உயர்ந்து, மேற்புறம் பரந்து கிடக்கும் நிலம் பீடபூமி. இரு கடற்பரப்புகளை இணைக்கும் குறுகிய நீர்வழி நீரிணை; இரு நிலப்பரப்புகளை இணைக்கும் குறுகிய நிலம் பூசந்தி. மலாக்கா நீரிணையையும் தாய்லாந்தின் கிரா பூசந்தியையும் வரைபடத்தில் அவள் விரலால் தொட்டுக் காட்டட்டும். கண்டம் என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும்: ஆசியாவும் ஐரோப்பாவும் ஒரே நிலப்பரப்பு, யூரல் மலைத்தொடரை எல்லையாகக் கொள்வது மனிதர் வகுத்த வழக்கம்.

மாணவர்கள் அதிகம் தடுமாறும் சொல் வடிநிலம். ஒரு தடித்த தாளைக் கசக்கி, பாதி விரித்து, தட்டில் வைத்து, நீலம் கரைத்த நீரைச் சொட்டுச் சொட்டாக விடச் சொல்லுங்கள். மேடான மடிப்பின் இருபுறமும் நீர் பிரிந்து இறங்கி, பள்ளத்தில் ஒன்றுசேர்வதை அவளே காண்பாள். அந்த மடிப்புதான் நீர்ப்பிரிமேடு. ஒரே பள்ளத்துக்கு நீரை அனுப்பும் பரப்பு முழுவதும் ஒரு வடிநிலம். பினாங்கு மக்கள் பயன்படுத்தும் நீரில் பெரும்பகுதி, கெடாவில் தோன்றும் மூடா ஆற்றிலிருந்துதான் வருகிறது என்பதையும் சொல்லுங்கள். அண்டை மாநிலத்துக் காட்டில் பெய்யும் மழைக்கும் உங்கள் வீட்டுக் குழாய்க்கும் உள்ள உறவு அப்போது விளங்கும்.

பிறகு அதே கண்ணோட்டத்துடன் மேக்கோங் ஆற்றுக்குப் போகலாம். திபெத்தியப் பீடபூமியில் பிறந்து, சீனா, மியன்மார், லாவோஸ், தாய்லாந்து, கம்போடியா, வியட்னாம் என ஆறு நாடுகளைத் தொட்டுக் கடலில் கலக்கும் அந்த ஆறு, கொண்டுவரும் வண்டலால் கழிமுகத்தில் டெல்டாவை உருவாக்கியிருக்கிறது. மேலே அணை கட்டினால் வண்டல் தடைப்பட்டு, கீழே நெல் விளையும் டெல்டா பாதிக்கப்படும். பீடபூமி, வடிநிலம், வண்டல், டெல்டா, நாட்டெல்லை என ஐந்து சொற்கள் ஒரே ஆற்றோடு வந்துவிட்டன. இப்படிக் கோத்துப் படித்த சொற்களுக்குத் தனியே மனனம் தேவைப்படாது.

சமூகவியல் சொற்களில், மொத்த எண்ணிக்கையான மக்கள்தொகையையும், ஒரு சதுர கிலோமீட்டரில் வாழ்வோரின் எண்ணிக்கையான மக்கள் அடர்த்தியையும் பிள்ளைகள் ஒன்றாக எண்ணிவிடுகிறார்கள். மங்கோலியாவில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 2 பேர். சிங்கப்பூரிலோ 8,000க்கும் அதிகம். முன்னதன் வறண்ட புல்வெளியையும் கோபி பாலைவனத்தையும் காட்டி, மக்கள் ஏன் அங்கு நெருங்கி வாழவில்லை என்று அவளையே கேளுங்கள்.

இடப்பெயர்வுக்கு எடுத்துக்காட்டு பெரும்பாலும் நம் குடும்பங்களிலேயே கிடைக்கும். சென்னை மாகாணத்தில் 1876 முதல் 1878 வரை நீடித்த பஞ்சம் போன்றவை, சொந்த ஊரைவிட்டு வெளியேறத் தூண்டிய உந்து காரணிகள். மலாயாவின் கரும்பு, காப்பி, பின்னர் ரப்பர்த் தோட்டங்களில் கிடைத்த வேலை, புதிய இடத்துக்கு இழுத்த ஈர்ப்புக் காரணி. நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய முன்னோர் உங்கள் குடும்பத்தில் இருந்தால், வீட்டுப் பெரியவரிடம் மகளை உட்காரவைத்து அந்தக் கதையைக் கேட்கச் செய்யுங்கள். கேட்டதை அவள் அந்த இரு தலைப்புகளின்கீழ் பிரித்து, முதலில் தமிழிலும் அடுத்து மலாயிலும் எழுதட்டும்.