ஏப்ரலைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதேயும், தம்பி

தம்பி, நீர் கேட்டது இதுதான்: பெப்ரவரியில் ரொறன்ரோ வந்தீர், வேலையிடத்தில் எல்லாரும் இந்த ஊர்ப் பேஸ்போல் அணி புளூ ஜேஸ் பற்றியே கதைக்கிறார்கள். ஆனால் மார்ச் 27ஆம் திகதி முதல் ஆட்டத்திலேயே பால்டிமோர் ஒரியோல்ஸ் அணியிடம் 12-2 என்று அடி வாங்கிவிட்டார்கள். 2025இல் இந்த அணி தேறுமா, இதைப் பார்த்துப் பழகுவதில் பிரயோசனம் உண்டா? கூடவே ஃபோன் பிளான், பனிச் சப்பாத்து, ஓட்டுநர் உரிமம். சப்பாத்து ஏப்ரலில்தான் மலிவு, இப்போதே வாங்கும். மற்ற இரண்டையும் உம்மோடு அறையில் இருக்கும் பொடியன்களிடம் கேளும்.

பேஸ்போல் கேள்விக்குத்தான் எனக்குக் கை துறுதுறுக்கிறது. கிரிக்கெட் பழக்கத்தில் ஒரு மற்ச் தோற்றால் உலகம் முடிந்தது என்று நினைப்போம். இங்கே ஒரு சீசனுக்கு 162 ஆட்டம். நல்ல அணியே அறுபது, எழுபது தோற்கும். பத்துத் தடவை துடுப்போடு போய் ஏழு தடவை வெறுங்கையோடு திரும்புகிறவனை இந்த ஊரில் நட்சத்திரம் என்பார்கள். ஏப்ரலில் குதிக்கவும் வேண்டாம், ஒப்பாரி வைக்கவும் வேண்டாம். நான் இரண்டும் செய்து பட்டவன்.

1993 ஜனவரியில் வந்தேன். கொழும்பில் வாங்கிய மெல்லிய ஜக்கெற். காது விறைக்கிறது என்று பழைய துணிக்கடை ஒன்றில் ஐம்பது சதத்துக்கு ஒரு கடும்நீலத் தொப்பி எடுத்தேன். முன்னால் வெள்ளை நூலில் இரண்டு எழுத்து ஒன்றுக்குள் ஒன்று பின்னியிருந்தது, ஏதோ பூவேலை என்று நினைத்தேன். டான்ஃபோர்த் பக்கம் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவும் வேலை. தலைமைச் சமையல்காரர் ஒரு கிரேக்கர். தொப்பியைக் கண்டதும் மனுசன் கரண்டியை வைத்துவிட்டு வந்து, அதைக் கழற்றி உருளைக்கிழங்குத் தோல் வாளிக்குள் போட்டார். நான் வேலை போய்விட்டது என்று நடுங்கினேன். பிறகுதான் விளங்கியது, அது ஜேஸின் எதிராளி நியூயார்க் யாங்கீஸ் அணியின் தொப்பி. அடுத்த நாள் தன் மகனுடைய பழைய ஜேஸ் தொப்பியைக் கொண்டுவந்து தந்தார்.

அந்த ஒக்டோபர் 23, சனிக்கிழமை இரவு. அடுக்களை றேடியோவில் கோப்பைக்கான இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டம், பிலடெல்பியா 6-5 என்று முன்னால் நிற்கிறது. ஒன்பதாவது இன்னிங்ஸில் ஜோ கார்ட்டர் அடித்த பந்து இடப்பக்க மதிலைத் தாண்டியது, 8-6 என்று ஜேஸ் வெற்றி. எனக்கு ஆங்கிலம் பாதிதான் பிடிபட்டது, ஆனால் அந்தக் கிரேக்கர் என்னைத் தூக்கிச் சுற்றியது நல்லாகவே பிடிபட்டது. நான் கோப்பை கழுவிய வருஷம் அவர்கள் கோப்பை தூக்கினார்கள். 1992இலும் அவர்களே. ஆகவே இது வருஷா வருஷம் நடக்கும் சங்கதி என்று நம்பிவிட்டேன்.

அடுத்த ஓகஸ்டில் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், சீசனே நின்றது. பிறகு ஜேஸ் மறுபடி பிளேஓஃப், அதாவது சீசன் முடிவில் கோப்பைக்கான சுற்று, பார்க்க 2015 ஆனது. இருபத்திரண்டு வருஷம்! இடையில் எனக்குக் கலியாணம், வீடு, மகள், சர்க்கரை வியாதி எல்லாம் வந்துவிட்டன. 2020, 2022, 2023 மூன்று தடவையும் பிளேஓஃபுக்குப் போய் ஒரு ஆட்டம்கூட வெல்லாமல் திரும்பினார்கள். 2022இல் சியாட்டிலுக்கு எதிராக 8-1 என்று முன்னால் நின்று 10-9 என்று தோற்றதை நினைத்தால் இன்றும் சோறு இறங்காது.

சரி, இந்த வருஷம், 2025. போன வருஷம் 74 வெற்றி, 88 தோல்வி, பிரிவில் கடைசி. அடியும் இல்லை, கடைசி இன்னிங்ஸ்களில் எறிய நம்பகமான ஆளும் இல்லை. இப்போது ஜெஃப் ஹொஃப்மனை எடுத்திருக்கிறார்கள், அது தேவையான மருந்து. ஒரியோல்ஸுக்குப் போன வருஷம் 44 ஹோம் ரன் (மதில் தாண்டும் அடி) அடித்த சந்தாந்தேர் இங்கே வந்திருக்கிறார், இன்னும் சூடேறவில்லை. பந்தெறியும் மக்ஸ் ஷேர்ஸருக்கு நாற்பது வயது, தன் முதல் ஆட்டத்திலேயே பெருவிரல் உபாதை. அதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. ஆனால் கிமெனஸ் பந்து பிடிக்கிற அழகைப் பாரும், அதற்கே ரிக்கெற் காசு சரி.

பெரிய செய்தி அணியின் நட்சத்திர அடிகாரர் குரேரோவுக்குக் கொடுத்த 14 வருஷம், 500 மில்லியன் அமெரிக்க டொலர். மூளை கெட்டுவிட்டதா என்று கேட்கிறார்கள். மொன்றியலில் பிறந்த பிள்ளை, தகப்பனும் அங்கே விளையாடியவர். இங்கேயே இருக்கிறேன் என்று ஒருவன் கையெழுத்துப் போட்டால் எனக்கு அது போதும். என் கணக்கு: பாதிக்குச் சற்று மேலே முடிப்பார்கள். கோப்பை எல்லாம் கேளாதேயும்.

இன்னொரு எச்சரிக்கை, எங்கட ஆட்களைப் பற்றி. இரண்டு வகை உண்டு. முப்பது வருஷம் ஸ்காபரோவில் இருந்தும் “இது எங்கட எல்லே தானே, இதில் என்ன இருக்கு” என்று, ஊரில் துடுப்பால் பந்தடித்து ஓடும் அந்த விளையாட்டைச் சொல்லி, ஒரு இன்னிங்ஸ்கூடப் பாராத சனம். பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் அவர்கள்தான் முன்வரிசை. மற்றது, 2015 பிளேஓஃபில் ஜேஸின் பொட்டீஸ்தா ஹோம் ரன் அடித்துத் துடுப்பை எறிந்த அடுத்த நாள் நீலச் சட்டை வாங்கி, 2017இல் அதைக் கராஜில் கார் துடைக்கப் போட்ட சனம். இரண்டு பகுதியிடமும் ஜேஸ் பற்றி அபிப்பிராயம் கேளாதேயும். நூற்றைம்பது டொலருக்குச் சட்டையும் வாங்காதேயும், தொப்பி போதும். என்ன தொப்பி என்று பார்த்து வாங்கும்.

ஆட்டம் பார்க்கப் போவதென்றால் செவ்வாய்க்கிழமை போகலாம், 2025இல் அன்று ஹொட்டோக் ஒரு டொலர். மேல்தட்டு, ஐந்நூறாம் வரிசை ரிக்கெற் எடுத்தால் போதும். கென்னடியில் சப்வே ஏறி, புளோர்-யங்கில் மாறி, யூனியனில் இறங்கும். கூரை மூடியிருந்தாலும் ஜக்கெற் கொண்டு வாரும். நானும் வருகிறேன். ஹொட்டோக் மூன்றுக்கு மேல் வேண்டாம், நான்காவதில் நான் ஒருமுறை ஏழாவது இன்னிங்ஸ் முழுவதையும் கழிவறையில் கேட்டேன்.