ஜெனரேட்டர் எந்த உயரத்தில் இருக்கிறது?

கேள்வி: புயல், வெள்ளக் காலம் நெருங்குகிறது. எங்கள் நிறுவனத்தில் ஜெனரேட்டரும் இருக்கிறது, காப்பீடும் இருக்கிறது. இவை போதுமா?

பதில்: போதாது. ஜெனரேட்டரைப் பற்றி முதலில் கேட்க வேண்டியது அதன் உயரத்தை. 2012-இல் சாண்டி புயல் நியூயார்க்கைத் தாக்கியபோது, பெரிய மருத்துவமனை ஒன்றின் ஜெனரேட்டர்கள் 13-ஆம் மாடியில் பத்திரமாக இருந்தன. ஆனால் அவற்றுக்கு எரிபொருள் ஏற்றும் பம்புகள் அடித்தளத்தில் மூழ்கிவிட்டதால், படிக்கட்டில் வரிசையாக நின்று எரிபொருளைக் கைமாற்றி மேலே அனுப்ப வேண்டியதாயிற்று. ஆகவே, உங்கள் பகுதியில் முன்பு வெள்ளம் ஏறிய மட்டத்தைச் சுவரில் கோடாகக் குறித்து, அந்தக் கோட்டுக்குக் கீழே உள்ள மின்பலகை, சர்வர், மோட்டார், கணக்கேடு என ஒவ்வொன்றையும் எழுதிப் பாருங்கள். அந்தக் கோடும் இறுதி எல்லை அன்று. ‘நூறாண்டு வெள்ளம்’ என்பதைப் பலர் நூறாண்டுக்கு ஒருமுறை வருவது என்று எண்ணுகிறார்கள்; ஒவ்வோர் ஆண்டும் அது வருவதற்கு 1 சதவீத வாய்ப்பு உண்டு என்பதே பொருள். 30 ஆண்டுகளில் ஒருமுறையேனும் அது வரும் வாய்ப்பு ஏறத்தாழ 26 சதவீதம்.

வெள்ளம் வாசல் வழியாகத்தான் வரும் என்பதில்லை. கழிவுநீர்க் குழாயிலும் பின்னோக்கி ஏறும். அதைத் தடுக்க ஒருவழி வால்வு வேண்டும். காப்பீட்டுப் பத்திரத்தில் வெள்ளச் சேதமும், தொழில் நின்ற நாள்களின் வருமான இழப்பும் அடங்குமா என்று இன்றே பாருங்கள். புயல் உருவான பின் புதிய பாலிசி கிடைப்பது அரிது.

கேள்வி: எச்சரிக்கை வந்த பிறகு, எப்போது வேலையை நிறுத்துவது?

பதில்: அதை எச்சரிக்கை வருவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். சரக்கை மேலே ஏற்றவும் ஊழியர்கள் பாதுகாப்பாக வீடு சேரவும் எத்தனை மணி நேரம் ஆகும் என்று ஒத்திகை பார்த்து, அத்தனை நேரத்தைப் புயல் கரையைக் கடக்கும் நேரத்திலிருந்து அல்லாமல், பலத்த காற்று தொடங்கும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். காற்றின் வேகம் இரட்டித்தால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும். அகன்ற ஷட்டர் ஒன்று பிய்ந்தால், உள்ளே புகும் காற்று கூரையையே தூக்கிவிடலாம். மூடும் முடிவை எடுப்பவர் யார் என்பதை எழுத்தில் வைத்துவிடுங்கள். அன்றைய ஆர்டரை முடிக்கத் துடிக்கும் முதலாளி அதற்கு ஏற்றவர் அல்லர் என்பது என் எண்ணம்.

கேள்வி: அடித்தளத்தில் தேங்கிய நீரை உடனே இறைத்துவிடலாமா?

பதில்: கூடாது. வெளியே நீரில் ஊறிய மண் சுவரை அழுத்திக்கொண்டிருக்க, உள்ளிருக்கும் நீரே அதற்கு எதிர்த்தாங்கலாக நிற்கிறது. ஒரேயடியாக இறைத்தால் சுவர் இடிந்துவிடக்கூடும். வெளியே வெள்ளம் வடிந்த பிறகு, நாளொன்றுக்கு மூன்றில் ஒரு பங்கு என்ற அளவில் இறையுங்கள். சேதத்தைப் படமெடுத்த பிறகே துப்புரவைத் தொடங்குங்கள். எலக்ட்ரீஷியன் சோதித்துச் சொல்லும்வரை எந்த சுவிட்சையும் தொட வேண்டாம்.